பெரட்டுக் களத்து வளையம்

பத்திரிகையில் அந்தப் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் பாண் வாங்க நின்றுகொண்டிருந்தேன். கடை முதலாளி பேப்பரை என் பக்கம் திருப்பி, "டீச்சர், இது ஒங்க தோட்டத்துப் புள்ளதானே?" என்று கேட்டார்.

பாதிப் பக்கத்துக்குப் படம். தலையில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் சுற்றிய சாக்கு. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவ்வளவு நெட்டையாக நிற்கக்கூடிய பெண் எங்கள் பக்கத்தில் ஒருத்திதான். அவளேதான். கீழே எழுதியிருந்தார்கள்: சிறு வயதிலிருந்து கொழுந்தைத் தோளுக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்து எறிந்தே இந்த மலையகப் பெண் குறி தப்பாமல் கூடைப்பந்து போடக் கற்றுக்கொண்டாளாம்.

எனக்கு வந்த கோபத்தில் பாணை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வாசித்தவர்கள் கண்கூடக் கலங்கியிருப்பார்கள். ஆனால் சுத்தப் பொய். சின்ன வயதில் அவள் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து பறித்து அன்றைக்கே கூலி வாங்கும் கைக்காசு வேலைக்கு எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போவார்கள். அவளை மட்டும் அவளுடைய அம்மா மலைப் பக்கமே விட மாட்டார்.

படம் பொய்யில்லை. அதை எடுத்தவள் நான்தான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஆனால் அந்தப் படத்துக்கு வருவதற்கு முன்னால் வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் இருக்கிறது. பந்தைக் கீழே வைத்தால் அது தானாகவே உருண்டு அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும், அப்படிப்பட்ட சரிவு. சமமான நிலம் என்று இருந்தது பெரட்டுக் களம் ஒன்றுதான். காலையில் தொழிலாளர்கள் எல்லாரும் பெரட்டுக்கு அங்கேதான் கூடி நிற்பார்கள். களத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அலுவலகம், அதற்கு முன்னால் உயர்த்திக் கட்டிய விறாந்தை. பெரிய கிளாக்கர் ஐயா விறாந்தையில் நின்று பேர்ப் பதிவேடான செக்ரோலைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இன்றைக்கு உனக்கு எந்த மலை என்று சொல்வார். கீழே மண்ணில் நிற்பவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை களம் வெறுமையாகத்தான் கிடக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத் தொரை ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பங்களாவில் ஒரு கூடைப்பந்தை விட்டுவிட்டுப் போனார். பங்களாவில் சமையல் வேலை செய்தவர் அதை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்கு ஒரு வயது குறைவு. வரிசையாக அறைகள் கட்டிய எங்கள் லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா அவளுடையது. அப்பா இல்லாத பிள்ளை. அம்மாவும் அவளும் மட்டும்தான். அந்த வயதிலேயே அவள் என் அப்பாவைவிட ஒரு விரல் உயரம். காம்பரா நிலையில் தலை இடிக்காமல் உள்ளே போய்வரப் பழகுவதற்கே அவளுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். பந்து வந்துவிட்டது, வளையம் வேண்டும் என்று நான் நச்சரித்தேன். அவர் ஸ்டோர் பட்டறையில் இரும்புக் கம்பியை வளைத்து வளையம் செய்தார். தேயிலைப் பெட்டிப் பலகைகளை இணைத்துப் பின்பலகையும் செய்தார். பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கேட்டு, விறாந்தைத் தூணில் இரும்புக் குழாய் ஒன்றைப் பூட்டி, களத்துப் பக்கம் நீட்டி வளையத்தைத் தொங்கவிட்டார். காலைப் பெரட்டுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் ஐயாவின் நிபந்தனை. வளையம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று அப்பா யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். நாடாவைப் பிடித்துப் பத்தடி அளந்துதான் அடித்தார். அளந்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மூன்று வருஷம் அந்த வளையத்தின் கீழே விளையாடினோம். எனக்குப் பத்து போட்டால் இரண்டு விழும். மற்றப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கொஞ்ச நாளில் அவர்கள் பந்தை உதைத்து விளையாடப் போய்விட்டார்கள். அவள் மட்டும் விடவில்லை. நேராக எறிந்தால் பந்து பலகையின் அடியில் பட்டு மூக்குக்கே திரும்பி வரும். அதனால் அவள் மேலே போட்டாள். மேலே என்றால் அலுவலகக் கூரைக்கும் மேலே. பந்து ஏறும், ஏறிக்கொண்டே போகும், பிறகு நிதானமாகத் திரும்பிச் செங்குத்தாக இறங்கும்.

பனி இறங்கும் மாதங்களில் பின்னேரம் நாலு மணிக்கே கூரை தெரியாது. அவள் போட்ட பந்து பனிக்குள் போய் மறைந்துவிடும். வளையத்தில் வலை கிடையாது. அதனால் எங்களுக்குக் காதுதான் கணக்கு. இரும்பில் பட்டால் டங்கென்று சத்தம் வரும். எதிலும் படாமல் நடுவாலே விழுந்தால் ஒரு சத்தமும் இருக்காது, பந்து மண்ணில் விழும் தொப்பென்ற சத்தம் மட்டும். அவள் பந்தை விட்டதும் திரும்பி நடக்கத் தொடங்கிவிடுவாள். நான்தான் வாயைப் பிளந்துகொண்டு மேலே பார்த்து நிற்பேன். தொப். மறுபடியும் தொப். எனக்கு மேல் சிலிர்க்கும். கொஞ்சம் வயிறும் எரியும். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து நான் பதுளையில் ஒரு கல்லூரிக்குப் போனேன். அடுத்த வருஷம் அவளும் வந்தாள். அங்கே சீமெந்துத் தரை போட்ட உண்மையான கூடைப்பந்து மைதானம் இருந்தது. நான் அதற்குள் அணியில் சேர்ந்துவிட்டேன், அடுத்த தவணையில் தலைவி ஆகப்போகிறேன். என் தோட்டத்துப் பிள்ளை வருகிறாள், பார்க்கத்தான் போகிறீர்கள் என்று எல்லாரிடமும் அளந்துவைத்திருந்தேன். அவள் கோட்டருகில் நின்று முதல் பந்தைப் போட்டாள். பந்து வளையத்தைத் தாண்டி, பலகையைத் தாண்டி, மதிலையும் தாண்டி வீதியில் போன பஸ்ஸின் கூரையில் விழுந்தது.

எங்கள் விளையாட்டு மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கைக்குள் எப்போதும் விதிப் புத்தகம் இருக்கும். "என்ன பிள்ளை, மேல இருக்கிற ஆருக்குப் போடுறீர்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் எங்கள் காம்பராவுக்கு வந்து, "மாமா, அந்த நாடாவக் கொஞ்சம் தாங்க" என்று வாங்கிக்கொண்டு களத்துக்குப் போனாள். மண்ணிலிருந்து வளையம் வரைக்கும் பிடித்துப் பார்த்தோம். பதினோரு அடிக்கும் மேலே, இன்னும் கால் அடி.

அப்பா ஓடிவந்தார். "அளந்துதானே அடிச்சேன்! இங்க பாரு, பத்தடி சரியா இருக்கு" என்று விறாந்தையில் ஏறி நின்று நாடாவைப் பிடித்துக் காட்டினார். சரிதான். விறாந்தைத் தரையிலிருந்து பத்தடி. எங்கள் தோட்டத்தில் எதையும் அந்த விறாந்தையில் நின்றுதான் சொல்வார்கள், அங்கே நின்றுதான் எழுதுவார்கள். அளவு என்றால் அப்பாவுக்கு அங்கேயிருந்துதான். களம் அதற்கு ஒன்றேகால் அடி கீழே இருக்கிறது, பிள்ளைகள் அந்த மண்ணில் நின்றுதான் விளையாடப் போகிறார்கள் என்பது, காலம் முழுக்க அதே மண்ணில் நின்ற மனுஷனுக்குத் தோன்றவேயில்லை. வெளியூர்த் தச்சன் ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான்.

அப்பாவின் முகம் செத்துப்போய்விட்டது. "இப்பவே எறக்கி அடிச்சிர்றேன் புள்ள" என்று திருகுச் சாவி எடுக்கப் போனார்.

"வேணாம் மாமா. இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்டி?" என்று நான் கேட்டேன்.

"ஒசரத்துக்குப் பழகிட்டேன்க்கா. தாழ்வா இருக்கதுக்கு எப்பன்னாலும் போட்டுக்கலாம்."

வாரநாளில் கல்லூரி வளையம், சனி ஞாயிறு களத்து வளையம். இரண்டு மாதத்தில் கல்லூரியில் அவளைப் பார்த்துச் சிரித்த வாய்களெல்லாம் மூடிவிட்டன. அவள் போடும் பந்து அங்கேயும் அதே மாதிரி வானத்துக்குப் போகும். ஆனால் எவ்வளவு உந்த வேண்டும் என்பதைக் கைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள். தடுக்க வருபவர்கள் கையைத் தூக்குவார்கள், பந்து அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் போய்க்கொண்டிருக்கும். ஒரு போட்டிக்குக் கண்டிக்குப் போயிருந்தோம். எதிரணிப் பிள்ளைகள் புதுச் சப்பாத்தும் ஒரே நிறக் காலுறையுமாக வந்திருந்தார்கள். எங்கள் ஆளுக்குப் பொம்பிளைச் சப்பாத்து எதுவும் அளவில்லாமல், பதுளைக் கடையொன்றில் ஆம்பிளைச் சப்பாத்து வாங்கியிருந்தோம். அவள் பந்தை விட்டதும் பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுக்கத் தலையை நிமிர்த்தும், பிறகு தலையைக் குனியும், பிறகுதான் கத்தும். மூன்றாம் முறைக்குப் பிறகு எதிரணிப் பிள்ளைகளும் சேர்ந்து நிமிர்ந்து பார்த்தார்கள். பந்தைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்! அவளுக்குப் பந்து கொடுத்தவள் நான் என்பதில் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அந்தக் கூட்டத்தில் கொழும்புக் கம்பனி ஒன்றின் பயிற்சியாளர் இருந்திருக்கிறார். கொழும்பில் பெரிய கம்பனிகள் தங்களுக்குள் போட்டி வைத்து விளையாடுவதும், அதற்காகவே ஆட்களை வேலைக்கு எடுப்பதும் எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அவள் உயர்தரப் பரீட்சை எழுதிய வருஷம் கடிதம் வந்தது. பெண்கள் அணியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, தேர்வுக்கு வரவும், தேறினால் அலுவலகத்தில் வேலை. இங்கிலீஷ் கடிதம். மிஸ்தான் வாசித்துச் சொன்னார்.

கடிதம் வந்த நேரம் சரியில்லை. அவளுடைய அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு அப்போது வலது முழங்கால் போய்விட்டது. இருபத்தைந்து வருஷம் கூடையோடு ஏறி இறங்கிய கால். பதுளை ஆஸ்பத்திரியில் இனி மலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தை வேலையை விட்டால் செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்கள். வீட்டில் ஒருத்தர் பேராவது செக்ரோலில் இல்லாவிட்டால் காம்பராவை விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பெரிய கிளாக்கர் ஐயா கெட்டவரில்லை. "அடுத்த திங்கக்கெழம பெரட்டுக்கு மகளக் கூட்டிக்கிட்டு வந்துரு, ஒம் பேர வெட்டிட்டு அவ பேரப் பதிஞ்சிர்றேன்" என்று தவணை கொடுத்தார். தேர்வு அதற்கு முந்திய சனிக்கிழமை.

அத்தை மகளிடம் ஒரே பேச்சில் முடித்தார். "போய்ப் பாப்பம். எடுத்தாங்கன்னா போ. எடுக்கலன்னா திங்கக்கெழம பேரக் குடு. அதுக்கு மேல எனக்குப் பேசத் தெரியாது."

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் போனோம். பொம்பிளைப் பிள்ளையைத் தனியே விட முடியாது என்று அத்தையும், வழி தெரியும் என்று நானும். அத்தை அதுவரை பதுளையைத் தாண்டியதில்லை. காலை நீட்டி உட்கார இடம் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கொட்டாஞ்சேனையில் என் சித்தி வீட்டில் தங்கி, மறுநாள் காலை கம்பனியின் உள்ளக அரங்குக்குப் போனோம்.

கூரை போட்ட மைதானத்தை நாங்கள் மூவரும் அன்றைக்குத்தான் பார்த்தோம். தரை பலகையில் இழைத்து, முகம் தெரியும் அளவுக்கு மினுங்கியது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரே ஒரு இடத்துக்கு ஏழு பெண்கள் வந்திருந்தார்கள்.

முதல் பந்தை அவள் வழக்கம்போல மேலே போட்டாள். விழுந்தது. பயிற்சியாளர் நல்ல மனுஷன்தான். பக்கத்தில் வந்து சிங்களத்தில், இவ்வளவு உயரமாகப் போட வேண்டாம், நேரம் வீண், நேராக வளையத்துக்குப் போடு என்று கையால் காட்டினார். மேலே நிற்பவர் சொன்னால் கீழே நிற்பவர் கேட்க வேண்டும், எங்களுக்கு அது ஊறிப்போனது. அவள் கேட்டாள். நேராகப் போட்டாள். முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது பலகையில் பட்டு வெளியே போனது. பத்து நிமிஷத்தில் அவள் கை கல்யாண வீட்டில் முதல்முதலாகப் பரிமாறுகிறவள் கை மாதிரி ஆகிவிட்டது. பயிற்சியாளர் கையிலிருந்த தாளில் என்னவோ எழுதினார். எனக்குத் திங்கட்கிழமைப் பெரட்டு கண்முன்னால் வந்து நின்றது.

தண்ணீர் குடிக்க விட்டார்கள். அவள் எங்கள் பக்கம் வந்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அத்தை பெஞ்சில் காலை நீட்டியபடி எதிரே இருந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் புள்ள," என்று என்னிடம் கேட்டார், "இதென்ன இவ்வளவு தாழ்வாக் கட்டியிருக்காங்க? சின்னப் புள்ளைங்க வெளையாடுற எடமா இது?"

"இல்ல அத்த, ஒலகம் பூரா இதுதான் ஒசரம்."

"அப்ப நம்ம களத்துல இருக்கது?"

"அது அப்பா தப்பா அடிச்சது."

அத்தைக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்த வளையத்துக்கு நேர் கீழே நின்றுதான் அவர் தன் பேருக்குக் காத்திருப்பார். வளையம் என்றால் அவருக்கு அந்த உயரம்தான். வளையத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மகளைப் பார்த்து, கோபமாகவே கேட்டார்.

"அத்தன ஒசரத்துல போட்டவளாடி நீ? இந்தத் தாழ்வுல என்னத்துக்கு இப்புடிக் குனிஞ்சு குனிஞ்சு போடுற?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். வாயில் இருந்த தண்ணீர் என்மேல் தெறித்தது. "செரிம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் குறைத்துத்தான் சொல்கிறேன், கூட்டிச் சொன்னதில்லை. கம்பனிப் பெண்களோடு கலந்து விளையாட விட்டார்கள். அவள் மூலையில் பந்தை வாங்கி, திரும்பி, ஒரு முறை வளையத்தைப் பார்த்து, விட்டாள். பந்து கூரை இரும்புவரை போனது. அங்கே அடைந்திருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. பந்து இறங்கியது. அந்த வளையத்தில் வலை இருந்தது. எங்கள் களத்தில் நாங்கள் கேட்டிராத சத்தம், துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். மறுபடியும் போட்டாள். இன்னும் பின்னால் போய்ப் போட்டாள். கம்பனி அணியில் அவளைவிட உயரமான ஒருத்தி கையை நீட்டித் துள்ளினாள். பந்து அவளுக்கு மேலே, அவள் ஏணி வைத்து ஏறினாலும் எட்டாத உயரத்தில் போனது. பயிற்சியாளர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டார். மற்ற ஆறு பெண்களும் தங்களுக்கும் தேர்வு என்பதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை வருஷம் அவளுக்குப் பக்கத்தில் ஓடியிருக்கிறேன். ஓடுகிறவளுக்குப் பார்க்க ஏது நேரம்? அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது, இவள் எங்கள் யாரோடும் சேர்த்து எண்ணக்கூடியவள் இல்லை என்று. நான் அழுதேன். வயிற்றெரிச்சல் கொஞ்சமும் இல்லை.

முடிந்ததும் பயிற்சியாளர் வந்து, அடுத்த மாதம் முதலாம் தேதி வேலைக்கு வரலாம் என்றார். அத்தை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தமிழில் சொன்னதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "செருப்பப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

திரும்பி வரும் ரயிலில் அவள் தூங்கிவிட்டாள். அத்தை தூங்கவில்லை. நானுஓயா தாண்டியதும் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"நான் பேர வெட்டப் போறதில்ல புள்ள."

"கால் இப்புடி இருக்கே அத்த."

"வெளையாட்டு எத்தன நாளைக்கு? கை ஒடிஞ்சுச்சுன்னா அவளுக்குத் திரும்பி வர ஒரு எடம் வேணாமா? அவ வந்து நிக்கயில நம்ம காம்பராவுல வேற யாரும் இருக்கக் கூடாது." மகள் தூங்குகிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "எனக்குப் புள்ளைக் காம்பராவுல லேசான வேல குடுத்திருக்காங்கன்னு அவகிட்ட சொல்லப் போறேன். நீயும் அப்புடியே சொல்லு" என்றார்.

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். உட்கார்ந்து பார்க்கிற வேலை. சரி என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை நான் களத்துக்கு மேலே ரோட்டில் நின்று பார்த்தேன். பெரிய கிளாக்கர் ஐயா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்க மக?" என்று கேட்டார். "மக கொழும்புக்குப் போறாளுங்க ஐயா. எம் பேரே இருக்கட்டும்." "காலு?" "காலு எங்கிட்டத்தானுங்களே இருக்கு, நான் பாத்துக்கிறேன்." ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு, மலையின் இலக்கத்தைச் சொன்னார். அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

கொழும்பில் அவள் காலையில் மேசையில் உட்கார்ந்து கடிதங்களைப் பதிந்தாள், மூன்று மணிக்குமேல் பந்து விளையாடினாள். மூன்றாம் வருஷம் மாலைதீவுக் கழகம் ஒன்று அவளைக் கேட்டு ஆள் அனுப்பியது. அங்கே மேசையும் இல்லை, கடிதமும் இல்லை. போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அக்கா, இங்க எனக்கு வேற வேலையே இல்லக்கா. வெளையாடுறதுதான் வேல. வெளையாடாட்டித்தான் ஏசுவாங்க!" நான் அதை அத்தையிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "வெளையாடுறதுக்கா சம்பளம்? நல்லா விசாரிச்சுக்கச் சொல்லு, ஏமாத்திறப் போறானுங்க" என்றார்.

ஒவ்வொரு போனிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்பாள். "அம்மாவுக்குப் புள்ளைக் காம்பராவுல வேல லேசாத்தானேக்கா?" ஒவ்வொரு போனிலும் நான், "லேசுதான்" என்று சொன்னேன். அவள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள். அந்த நாட்களில் பெரட்டு கிடையாது. நாலு வருஷம் இப்படி ஓட்டினோம். அவள் எறிவதைப் பார்த்து எத்தனையோ தரம் வாயைப் பிளந்தவள் நான். அதே களத்தில் அத்தை ஒற்றைக் காலில் பாரத்தைத் தாங்கி நின்றதை ஒவ்வொரு நாளும் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், பண்டிகையும் இல்லை, விடுமுறையும் இல்லை, மாலைதீவிலிருந்து சொல்லாமல் வந்து முதல் பஸ்ஸில் இறங்கினாள். கையில் எனக்கென்று வாங்கிய ஒரு சின்னக் கெமரா. பசறையில் என் பள்ளிக்கூடத்துக்குப் போகப் புறப்பட்டு வந்த நான் அவளைக் களத்துக்கு மேலே ரோட்டில்தான் கண்டேன். பை தோளில் தொங்க, அசையாமல் நின்றாள். கீழே பெரட்டு நடந்துகொண்டிருந்தது. பெரிய கிளாக்கர் ஐயா அத்தையின் பேரைக் கூப்பிட்டு, "ஏழாம் நம்பர்" என்றார். இருக்கிற மலைகளில் அதுதான் செங்குத்து. வளையத்துக்குக் கீழேயிருந்து, "சரிங்க" என்று அத்தையின் குரல் வந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பையையும் கெமராவையும் என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கிக் களத்துக்குப் போனாள். அத்தை அவளைக் கண்டதும் கேட்டது, "பஸ்ஸுல ஏதாச்சும் சாப்ட்டியா?" அவள் அத்தையின் இடுப்புச் சாக்கை அவிழ்த்துத் தான் சுற்றிக்கொண்டாள். அத்தையின் முதுகிலிருந்து கூடையைக் கழற்றித் தன் தலையில் கயிற்றை மாட்டிக்கொண்டாள். பதிந்த ஆளைத் தவிர வேறு ஆள் மலைக்குப் போகக்கூடாது என்பது சட்டம். பெரிய கிளாக்கர் ஐயா அவளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, செக்ரோலில் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கெமராவை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினேன். கூடைக் கயிறு அவளுக்குக் குட்டை. கொழுந்தை எப்படிக் கிள்ளுவதென்றே தெரியவில்லை. மற்றப் பெண்கள் இரண்டு கையாலும் கிள்ளித் தோளுக்குப் பின்னால் பார்க்காமல் எறிவதைப் பார்த்து அவளும் எறிந்தாள். பாதிதான் கூடைக்குள் விழுந்தது. மீதி தரையில். "ஊரெல்லாம் பந்து போட்டவளுக்கு இந்தக் கூடைக்குள்ள போடத் தெரியலயே!" என்று நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணீர் வழிய வழிய எறிந்துகொண்டே போனாள். அடுத்த மாதமே பசறை டவுனில் அம்மாவுக்கு ஒரு வீடு பார்த்துவிட்டாள். பேரை வெட்டச் சொல்ல அவளேதான் போனாள்.

அந்த மலையில் எடுத்த படம்தான் பத்திரிகையில் வந்தது. ஒரு பிரதியை எங்கள் கல்லூரிக்குக் கொடுத்திருந்தேன், அங்கிருந்து போயிருக்கிறது. முழுப் படம் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் அவளுக்குப் பின்னால், வலது ஓரத்தில், அத்தை இருக்கிறார். ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, மகள் எறிந்து தரையில் விழுந்த கொழுந்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைத்தான் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.